அப்பாவுக்கு எஸ்ஜிபிடி நார்மல், ஆனா சிரோசிஸ்னு சொல்றாங்க. இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

தாமிரபரணி மகள் | செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து படிச்சிட்டுப் போறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 58 வயசு. பாளையங்கோட்டைப் பக்கம் பலசரக்குக் கடை வச்சிருக்காங்க. 14 வருஷமா சுகர். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, வெத்தல பாக்கு கூடப் போட மாட்டாங்க. ரெண்டு மாசமா சாயந்தரம் ஆனா கால் வீங்கி, செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்படியே நிக்குது. கிட்னியா இருக்குமோன்னு பயந்துதான் டெஸ்ட் எடுத்தோம். கிட்னி நல்லா இருக்கு, லிவர்தான் சுருங்கிடுச்சு, சிரோசிஸ்னு சொல்லிட்டாங்க.

எனக்குப் புரியாதது இதுதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஃபுல் செக்கப் எடுத்தப்போ லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி 64, எஸ்ஜிஓடி 54. ஸ்கேன்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர், அதான் லிவர்ல கொழுப்புன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் அம்மா வீட்ல எண்ணெய்ச் சட்டியே வைக்கிறதில்ல. இப்போ எஸ்ஜிபிடி 36. தாள்ல 40 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு. மூணு மாச சுகர் 5.8, அதுவும் கொறஞ்சிருக்கு. ரெண்டையும் பார்த்து நாங்க சந்தோஷப்பட்டோம். அப்புறம் எப்படி லிவர் போச்சுங்காங்க?

மத்ததெல்லாம்: மொத்த பிலிருபின் 2.4, அல்புமின் 2.9, எஸ்ஜிஓடி 58, ஐஎன்ஆர் 1.5, பிளேட்லெட் 82,000, சோடியம் 133, கிட்னியைக் காட்டுற கிரியாட்டினின் 1.0. ஸ்கேன்ல கல்லீரல் மேல்பரப்பு மேடுபள்ளமா இருக்கு, மண்ணீரல் 15 சென்டிமீட்டர், வயித்துல கொஞ்சம் தண்ணின்னு எழுதியிருக்கு. மஞ்சள் காமாலை பி, சி ரெண்டும் நெகட்டிவ்.

கூட்டத்துல டாக்டர்கிட்ட நின்னு கேக்க முடியல. அங்க ஒருத்தர் அப்பாகிட்ட எடுத்த எடுப்புல "ஒரு நாளைக்கு எத்தன குவார்ட்டர்?"னு கேட்டாரு. அப்பா பதிலே சொல்லாம தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்தும் ரெண்டு நாளா சரியாப் பேசல.

---

ஆய்வகத்தார் | செவ்வாய், இரவு 11.55

தங்கச்சி, நான் 22 வருஷமா லேப்ல வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஒரு எண் எங்கிருந்து வருது, எதைக் காட்டுதுன்னு மட்டும் சொல்றேன். மருந்து மாத்திரை பத்தி என்கிட்ட கேக்காதீங்க.

அப்பா பலசரக்குக் கடை வச்சிருக்கார்னு சொன்னீங்க இல்லையா, அதை வச்சே சொல்றேன். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி ரெண்டும் கல்லீரல் செல்லுக்குள்ள இருக்கிற நொதிகள். செல் உடையும்போது ரத்தத்துல சிந்தும். மூட்டை கிழிஞ்சு தரையில சிந்தின அரிசி மாதிரி. 100 மூட்டை இருக்கிற கடையில எலி புகுந்தா தரையெல்லாம் அரிசி. அதே கடையில 20 மூட்டைதான் மிச்சம்னா, சிந்துறதுக்கே அரிசி இருக்காது. தரை சுத்தமா இருக்குன்னு நெனச்சுக்குவோம். அப்பாவுக்கு 64-ல இருந்து 36-க்கு எஸ்ஜிபிடி இறங்கினது இப்படித்தான் இருக்கணும். சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறிச் சுருங்கின கல்லீரல்ல இந்த ரெண்டும் நார்மலாவோ, கொஞ்சம் கூடவோ இருக்கிறது சகஜம். எஸ்ஜிபிடியை எஸ்ஜிஓடி தாண்டிப் போறதும் தழும்பு கூடினதுக்கு ஓர் அடையாளம். அப்பாவுக்கு 58, 36. பாருங்க.

கடையில சரக்கு இருக்கா, வியாபாரம் நடக்குதான்னு காட்டுற எண்கள் வேற. அவை மூணு.

அல்புமினைக் கல்லீரல் மட்டும்தான் செய்யும். 3.5-க்கு மேல இருக்கணும், அப்பாவுக்கு 2.9. ஒரு தடவை செஞ்ச அல்புமின்ல பாதி கழியவே ஏறக்குறைய 20 நாள் ஆகும். அதனால இது நேத்து நடந்ததைச் சொல்லாது, பல வாரமா நடக்கிறதைச் சொல்லும். கால்ல தண்ணி நிக்கிறதுக்கும் இதுல பங்கு உண்டு.

ஐஎன்ஆர், ரத்தம் உறையிற நேரத்தோட கணக்கு. உறையவைக்கிற புரதங்களையும் கல்லீரல்தான் செய்யுது. அதுல ஒண்ணோட ஆயுள் சில மணி நேரம்தான். அதனால கல்லீரல் திடீர்னு தடுமாறினா இது சீக்கிரமே ஏறிடும். 1-க்கு ஒட்டி இருக்கணும், 1.5 இருக்கு.

பிலிருபின், பழைய சிவப்பணு அழியும்போது வர்ற கழிவு. கல்லீரல் அதைப் பித்தத்துல தள்ளிவிடணும். 1.2 வரைக்கும் சரி, 2.4 இருக்கு.

நாலாவது ஒண்ணு இருக்கு. அது லிவர் டெஸ்ட் தாள்லயே வராது, ரத்த அணுக்கள் எண்ணிக்கைத் தாள்ல ஒரு மூலையில இருக்கும். பிளேட்லெட்தான், ரத்தம் உறைய உதவுற தட்டணு. கல்லீரல் தழும்பேறி இறுகினா குடல்லேருந்து வர்ற ரத்தம் உள்ளே போக முடியாம அழுத்தம் ஏறும். மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டைப் பிடிச்சு வச்சுக்கும். டெங்கு நேரத்துல மட்டும் எல்லாரும் இந்த எண்ணைப் பார்க்கிறோம். சிரோசிஸுக்கு இதுதான் சத்தமில்லாம முதல்ல வர்ற சாட்சி. மூணு வருஷத்துக்கு முந்தின தாள்ல பிளேட்லெட் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க.

---

தாமிரபரணி மகள் | புதன், காலை 6.15

அண்ணா, தேடி எடுத்துட்டேன். 1,32,000. பக்கத்துலயே கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருக்கு. அப்போ கேட்டதுக்கு, "வைரல் காய்ச்சல் ஏதாவது வந்திருக்கும், கண்டுக்காதீங்க"ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு.

---

ஆய்வகத்தார் | புதன், காலை 7.30

வேலைக்குக் கிளம்புறேன், சுருக்கமா சொல்றேன். ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு. வயசை எஸ்ஜிஓடியால பெருக்கணும். அதைப் பிளேட்லெட்டும் எஸ்ஜிபிடியோட வர்க்கமூலமும் பெருக்கி வர்ற எண்ணால வகுக்கணும். பிளேட்லெட்டை ஆயிரத்துல எழுதணும், 82,000-க்கு 82.

மூணு வருஷத்துக்கு முன்னாடி: 55 × 54 = 2970. கீழே 132 × 8 = 1056. விடை 2.8.
இப்போ: 58 × 58 = 3364. கீழே 82 × 6 = 492. விடை 6.8.

1.3-க்குக் கீழன்னா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலன்னா தழும்பு முத்தியிருக்கலாம், மேற்கொண்டு பார்க்கணும்னு அர்த்தம். ரெண்டு மலிவான டெஸ்ட்ல கிடைக்கிற எண்களை வச்சே போடுற கணக்கு இது. என் மனசுல 22 வருஷமா இருக்கிற ஆதங்கம் என்னன்னா, லிவர் தாளை ஒரு கவர்லயும் ரத்த எண்ணிக்கைத் தாளை இன்னொரு கவர்லயும் போட்டுக் கொடுக்கிறோம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இதைச் சொன்னது உங்களைக் குத்தம் சொல்றதுக்கு இல்லை. இங்க படிக்கிற நூறு பேர் வீட்லயும் ஃபேட்டி லிவர்னு எழுதின தாள் ஒண்ணு கிடக்கும். அவங்க இன்னிக்கே எடுத்துப் பார்க்கட்டும்.

---

கொங்குத் தங்கம் | புதன், மதியம் 1.10

கண்ணு, உங்க பதிவைப் படிச்சுட்டு சோறு இறங்கலீங்க. எங்க வீட்டுக்காரருக்கு 2019-ல இதே நோயி. அவரு குடிச்சாரு, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. 20 வருசம் குடிச்சாரு. உங்கப்பாகிட்ட கேட்ட அதே கேள்விய அவர்கிட்டயும் கேட்டாங்க. அவருக்கும் தலை குனிஞ்சுதான் போச்சு. குடிச்சவங்க ரத்தத்துலயும் அதே அல்புமின், அதே ஐஎன்ஆர்தானுங்க ஓடுது. உங்கப்பா குடிக்கலைங்கறது உங்களுக்கு ஒரு ஆறுதல், அது எனக்குப் புரியுது. ஆனா குடிச்சவனும் நோயாளிதான்னு ஒரு வார்த்தை எழுதாமப் போக எனக்கு மனசு வரலீங்க.

அவருக்கு மொதல்ல பிலிருபின் 9, அல்புமின் 2.4. நிறுத்துனாரு. நிறுத்தி ஒரு வருசத்துல பிலிருபின் 1.6-க்கு வந்துச்சு, அல்புமின் 3.4. இன்னிக்கும் தோட்டத்துக்குப் போயிட்டு வராரு. சுருங்கின லிவரு பழையபடி ஆவாதுன்னாங்க. ஆனா மிச்சம் இருக்கறது நின்னு வேலை செய்யுமுங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. வயித்துல தண்ணி இருக்கறப்ப லேசாக் காய்ச்சல் வந்தாலும், வயிறு வலிச்சாலும் உடனே போயிருங்க. இவருக்கு ஒருக்கா ஒடம்பு கதகதன்னு இருந்துச்சு, நாங்க வெயில்னு விட்டுட்டோம். ஊசி போட்டுத் தண்ணிய எடுத்துப் பார்த்தப்ப அதுல நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு 640. 250 தாண்டுனாலே கிருமி பிடிச்சிருச்சுன்னு அர்த்தமாம். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா கஷ்டம்னாங்க.

---

மூலிகைப் பிரியன் | புதன், மாலை 4.45

சகோதரி கவலைப்பட வேண்டாம். கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து 48 நாள் கொடுங்கள். எங்கள் ஊரில் மஞ்சள் காமாலை வந்த எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். சீந்தில் கொடிப் பொடியும் நல்லது. என் சித்தப்பா மகனுக்கு 15 நாளில் கண் வெளுத்தது, நானே பார்த்தேன்.

---

இரவுப் பணி மருத்துவர் | புதன், இரவு 9.20

நான் பொது மருத்துவம் பார்க்கிறவன். அரசு மருத்துவமனையில் வேலை. கல்லீரல் சிறப்பு மருத்துவர் பார்க்கவேண்டிய நோய் இது, அவர் சொல்வதே முடிவு. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மூலிகை அன்பருக்கு. உங்கள் சித்தப்பா மகனுக்குக் கண் வெளுத்தது உண்மையாகத்தான் இருக்கும். தண்ணீர், உணவு வழியாக வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்தாலும் குடித்ததற்குப் பெயர் கிடைத்துவிடும். இவருடைய தந்தைக்கு இருப்பது அது இல்லை, பல ஆண்டுகளாக ஏறிய தழும்பு. சீந்திலைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று அதைக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், பிறகு மற்ற நகரங்களிலிருந்தும் எழுதினார்கள். இருபது மூட்டை மிஞ்சிய கடையில் இன்னொரு எலியை விட வேண்டாம்.

அம்மா, உங்கள் கேள்வியில் இருந்த இன்னொரு 'நல்ல' எண்ணுக்கு வருகிறேன். மூன்று மாத சர்க்கரை 5.8 என்றீர்கள். அது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. வீங்கிய மண்ணீரல் சிவப்பணுக்களைச் சீக்கிரமே அழித்துவிட்டால் சர்க்கரை ஒட்டுவதற்கு நாள் போதாது, அளவு குறைவாகக் காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு? அதைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

இனி, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டும் மதிப்பெண். சைல்டு-பியூ என்று ஒன்று. 1964-ல் சைல்டு, டர்கோட் என்ற இரு அறுவை மருத்துவர்கள், இந்த நோயாளி அறுவையைத் தாங்குவாரா என்று பார்க்க ஏற்படுத்தியது. 1973-ல் லண்டனில் பியூ என்பவரும் உடனிருந்தவர்களும் திருத்தினார்கள். ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3. உங்கள் தந்தைக்கு பிலிருபின் 2-க்கும் 3-க்கும் நடுவில், எனவே 2. அல்புமின் 2.8-க்கும் 3.5-க்கும் நடுவில், 2. ஐஎன்ஆர் 1.7-க்குக் கீழே, 1. வயிற்றில் நீர் கொஞ்சம், 2. ஐந்தாவது மனத் தெளிவு. அது தாளில் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா? கணக்கில் தடுமாறுகிறாரா? கோபம், மறதி, கை நடுக்கம்? மலச்சிக்கல் உண்டா? வீட்டில் உங்கள் அம்மாவைக் கேட்டு எழுதுங்கள்.

---

தாமிரபரணி மகள் | புதன், இரவு 11.05

டாக்டர், வெறும் வயித்துல 171. அம்மாகிட்ட கேட்டேன். அம்மா அழுதுட்டாங்க.

மூணு வாரமா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நடையா நடக்காங்களாம். பகல்ல கல்லாவுல உக்காந்தபடியே தூங்கிடுறாங்களாம். சில்லறை கொடுக்கையில 50-க்குப் பதிலா 500 கொடுத்திருக்காங்க, வாங்கினவரு நல்ல மனுஷன், திருப்பிக் கொண்டாந்து கொடுத்தாராம். போன வாரம் சரக்கு எடுத்த கணக்குக்குக் கொடுத்த செக், கையெழுத்துப் பொருந்தலன்னு திரும்பி வந்துடுச்சு. 30 வருஷமா ஒரே கையெழுத்து. வயசாகுதுன்னு நெனச்சோம். வெளிக்கிப் போயி நாலு நாளாச்சுன்னு இப்போதான் அம்மா சொல்றாங்க.

---

இரவுப் பணி மருத்துவர் | புதன், இரவு 11.15

நாளை காலையே அழைத்துப் போங்கள். அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு எழுப்பினால் எழாத அளவு மயக்கமோ, ரத்த வாந்தியோ, தார் போல் கருப்பு மலமோ இருந்தால் இப்போதே.

குடலில் உண்டாகும் அம்மோனியா போன்ற கழிவுகளைக் கல்லீரல் வடிகட்டாதபோது மூளை மங்கும். மலச்சிக்கல் அதைக் கூட்டும். இது மருந்தால் தெளியக்கூடியது, வயசுக் கோளாறு இல்லை. கையெழுத்து, செக், சில்லறை மூன்றையும் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். அந்த செக்கையும் எடுத்துப் போங்கள். எந்த ரத்தப் பரிசோதனையை விடவும் அது அவருக்கு உதவும். ஐந்தாவதுக்கு 2 போட்டால் மொத்தம் 9. இது பி பிரிவின் மேல் எல்லை. 5, 6 லேசான ஏ பிரிவு. 10-லிருந்து கடுமையான சி. தூக்க மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள். வலிக்கு புரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

---

வடமராட்சியான் | வியாழன், காலை 8.00

அக்கா, அப்பா சுகமாகி வரவேணும் எண்டு வேண்டிக்கொள்ளுறன். இந்த இழையில கேக்கலாமோ தெரியேல்லை. எங்கட அம்மாவுக்கும் இதே வருத்தம்தான். இஞ்ச குடுத்த றிப்போட்டில பிலிருபின் 41 எண்டு கிடக்கு. உங்கட அப்பாவுக்கு 2.4 எண்டதைப் பாத்தாப் பிறகு எனக்குத் தலை சுத்துது. 41 எண்டால் ஆள் தப்பாதே? அல்புமின் 31, கிரியாட்டினின் 106. அண்ணா, தயவுசெய்து ஆராவது சொல்லுங்கோ. ராத்திரி முழுக்க நித்திரை இல்லை.

---

ஆய்வகத்தார் | வியாழன், காலை 9.10

தம்பி, பயப்படாதீங்க. அலகு வேற, அவ்வளவுதான். உங்க தாள்ல எண்ணுக்குப் பக்கத்துல மைக்ரோமோல்னு இருக்கும், எங்க ஊர்ல மில்லிகிராம். பிலிருபினை 17.1-ஆல வகுங்க. 41-ஐ வகுத்தா 2.4. அந்த அப்பாவுக்கு இருக்கிற அதே அளவுதான் உங்க அம்மாவுக்கும். அல்புமின் லிட்டருக்கு 31 கிராம்னா எங்க கணக்குல 3.1. கிரியாட்டினினை 88.4-ஆல வகுக்கணும், 1.2 வரும். வெளிநாட்ல இருக்கிற பிள்ளைங்க ஊர் ரிப்போர்ட்டைப் பார்த்தும் இதே மாதிரி குழம்புறாங்க. எண்ணைப் படிக்கும் முன்னாடி அலகைப் படிங்க.

இந்த இடத்துல லேப் பக்கத்துத் தப்புகளையும் சொல்லிடறேன், ஏன்னா ஒரு எண் மாறினா வீட்ல எல்லாரும் நொறுங்கிப் போறீங்க.

பிளேட்லெட் திடீர்னு 80-லேருந்து 30 ஆயிரத்துக்கு இறங்கினா, ஊதா மூடி ட்யூபுக்குள்ள அவை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கலாம். மெஷின் கட்டியை ஒரே அணுவா எண்ணும், இல்லைன்னா எண்ணாமலே விடும். கண்ணாடித் தகட்டுல தேய்ச்சு மைக்ரோஸ்கோப்ல பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

ஐஎன்ஆருக்கு எடுக்கிற நீல மூடி ட்யூபுல கோடு வரைக்கும் ரத்தம் நிரம்பணும். நரம்பு கிடைக்கலன்னு பாதியோட விட்டா, உள்ள இருக்கிற மருந்து கூடிப்போய் ஐஎன்ஆர் பொய்யா ஏறிக் காட்டும். ஊசி போடுறவர்கிட்ட "கோடு வரைக்கும் வந்துடுச்சா"ன்னு தாராளமா கேக்கலாம், அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்லை.

அம்மோனியா டெஸ்ட், வீட்டுக்கு ஆள் வந்து எடுத்துட்டுப் போறதுல சரியா வராது. ஐஸ்ல வச்சு உடனே ஓட்டணும். வெயில்ல பைக்ல ஒரு மணி நேரம் சுத்தின ரத்தத்துல அம்மோனியா கூடத்தான் இருக்கும்.

கடைசியா ஒண்ணு. ஆஸ்பத்திரியில அல்புமின் பாட்டில் ஏத்தினதுக்கு அப்புறம் வர்ற அல்புமின் அளவு, கடன் வாங்கிக் கல்லாவுல வச்ச பணம். பிளாஸ்மா ஏத்தினா ஐஎன்ஆரும் அப்படித்தான். ஏத்தின தேதியை ரிப்போர்ட் ஓரத்துல பேனாவால எழுதி வைங்க.

---

வடமராட்சியான் | வியாழன், காலை 9.25

அண்ணா, நீங்கள் நல்லா இருக்கவேணும். அம்மாட்டையும் சொல்லிப்போட்டன். நன்றி.

---

தாமிரபரணி மகள் | சனி, இரவு 8.30

வியாழக்கிழமை காலையில அட்மிட் பண்ணிட்டாங்க. டாக்டர் அப்பாவைக் கையை நீட்டி, மணிக்கட்டை மேல் பக்கம் மடக்கச் சொன்னாரு. கை படபடன்னு கோழி சிறகடிக்கிற மாதிரி விழுந்து விழுந்து எந்திரிச்சுது. ஒரு நிமிஷத்துல எத்தன மிருகம் பேர் சொல்ல முடியும்னு கேட்டாரு. ஆடு, மாடு, நாய், பூனை, யானைன்னு ஏழோட நின்னுடுச்சு. 10-க்குக் கீழ வந்தா மூளை மங்கியிருக்குன்னு சந்தேகப்படணுமாம். லாக்டுலோஸ் சிரப் கொடுத்தாங்க. தினம் ரெண்டு மூணு தடவை இளகலாப் போகணும், அதுதான் அளவு, ஸ்பூன் கணக்கு இல்லன்னாங்க. இன்னிக்குக் காலையில அப்பாவே "கடை சாவி யார்கிட்ட இருக்கு?"ன்னு கேட்டாங்க. வெளிய வந்து வராண்டாவுல நின்னு அழுதேன்.

ஆனா என் தம்பி போன்ல ஏதோ கணக்குப் போட்டு, மெல்டுனு ஒரு லிவர் மதிப்பெண் 14, சோடியத்தைச் சேர்த்தா 18னு சொல்லி, அதுக்கு இத்தன மாசம்தான்னு எதையோ படிச்சிட்டு உக்காந்திருக்கான். அது நெசமா?

---

இரவுப் பணி மருத்துவர் | சனி, இரவு 10.50

தம்பியின் கணக்கு சரி. பிலிருபின் 2.4, ஐஎன்ஆர் 1.5, கிரியாட்டினின் 1.0 போட்டால் 14 வரும். சோடியம் 133 என்பதைச் சேர்த்தால் 18. கணக்கு சரியாக இருப்பதும், அதிலிருந்து ஒரு மனிதரின் நாள் குறிப்பதும் வேறு வேறு.

மெல்டு 6-லிருந்து 40 வரை போகும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில், கல்லீரலுக்குள் குழாய் பொருத்தும் சிகிச்சைக்கு யார் தாங்குவார் என்று பார்க்க உருவாக்கியது. 2002-லிருந்து உறுப்புக்காகக் காத்திருப்பவர்களில் யாருக்கு அவசரம் கூடுதல் என்று வரிசைப்படுத்த அங்கே பயன்படுத்துகிறார்கள். வரிசை போட உண்டாக்கிய எண் அது. நூறு பேர் கூட்டத்துக்குப் பொருந்துவதை ஒருவர் தலையில் வைக்க முடியாது. அதிலும் அவர் இப்போது மலச்சிக்கலும் மயக்கமுமாக இருந்த மோசமான வாரத்தில் எடுத்த எண்கள் இவை. இரண்டு மூன்று மாதம் கழித்து, நிதானமான நிலையில் எடுப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் 15 தாண்டினால் மாற்று அறுவை பற்றிப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். வயிற்றில் நீரும் மூளை மங்கலும் வந்தவருக்கு எண் என்னவாக இருந்தாலும் தொடங்கலாம். தொடங்குவது என்றால் நாளையே அறுவை என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டில் இறந்தவர் தானமாகக் கொடுக்கும் கல்லீரலுக்கு, மருத்துவமனை வழியாக மாநில உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்த அறுவை நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எண்டோஸ்கோபி பார்த்தார்களா? தட்டணு 82,000 என்றால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ராஸ்கேன் எடுக்கலையே என்று யாராவது கேட்டால் கவலைப்படாதீர்கள். வயிற்றில் நீர் இருக்கும்போது அது சரியாக அளக்காது, இவருக்கு நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்தும் விட்டது.

---

கொங்குத் தங்கம் | ஞாயிறு, காலை 10.15

கண்ணு, சாவி கேட்டாருன்னு படிச்சதும் எனக்கு உசுரு வந்துச்சுங்க.

உப்பு விசயம் சொல்றேன். நாளு முழுசுக்கும் ஒரு டீஸ்பூன், அதுக்கு மேல இல்லீங்க. குழம்புல குறைச்சுட்டு ஊறுகாயும் அப்பளமும் வச்சா ஒண்ணும் பிரயோசனம் இல்லை. கடையில 'சோடியம் கம்மி' உப்புன்னு விக்கறத வாங்கிராதீங்க. அதுல பொட்டாசியம். தண்ணி இறங்கக் குடுக்கற மாத்திரையோட சேர்ந்தா பொட்டாசியம் ஏறி நெஞ்சுக்கே ஆவாதுன்னு எங்க டாக்டரு சத்தம் போட்டாரு. அப்பறம், பருப்பு முட்டையெல்லாம் நிறுத்தச் சொல்லி ஊர்ல நூறு பேரு சொல்லுவாங்க, கேக்காதீங்க. இவரு அப்படித்தான் சதையெல்லாம் கரைஞ்சு எலும்பா நின்னாரு. ராத்திரி படுக்கப் போறப்ப ஏதாவது கொஞ்சம் சாப்புடக் குடுங்க, வெறும் வயித்தோட விடியற வரைக்கும் இருக்கக்கூடாதாம்.

---

மூலிகைப் பிரியன் | ஞாயிறு, மாலை 6.00

மருத்துவர் ஐயா சொன்னதைப் படித்தேன். சீந்தில் பற்றி எனக்கு இது தெரியாது. சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் மாமா ஒருவர் தினமும் அந்தப் பொடி சாப்பிடுகிறார், அவருக்கும் சர்க்கரை உண்டு. நாளை அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். பிளேட்லெட்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறேன்.

---

தாமிரபரணி மகள் | 19 நாள் கழித்து, இரவு 9.45

மன்னிச்சிக்கோங்க, இத்தன நாளா எழுத முடியல.

எண்டோஸ்கோபியில உணவுக்குழாய்ல பெரிய புடைப்பு ரெண்டு இருந்துச்சு. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிட்டாங்க, மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. ரத்தக்குழாய் அழுத்தம் குறைய மாத்திரை ஆரம்பிச்சிருக்கு. லிவர்ல புற்றுநோய் இருக்கான்னு பார்க்கிற ஏஎஃப்பி டெஸ்ட் 6, ஸ்கேன்ல கட்டி எதுவும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்த்துட்டே இருக்கணும், நல்லா இருக்குன்னு விட்டுடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. சுகரும் கொழுப்பும்தான் காரணமா இருக்கணும்கிறாங்க. மத்த காரணங்களுக்கு எடுத்த டெஸ்ட் எதுலயும் ஒண்ணும் இல்ல.

இந்த வாரம் ரிப்போர்ட்: பிலிருபின் 1.9, அல்புமின் 3.0, ஐஎன்ஆர் 1.4, சோடியம் 136, பிளேட்லெட் 79,000. அல்புமின் பாட்டில் எதுவும் ஏத்தல அண்ணா, கேட்டு எழுதி வச்சிருக்கேன். எஸ்ஜிபிடி 41, நார்மலைத் தாண்டி ஒண்ணு கூட. அம்மா பதறிப் போயி "ஏறிடுச்சே"ன்னாங்க. நான் சிந்தின அரிசிக் கதையைச் சொன்னேன். பக்கத்துல இருந்து கேட்டுட்டு அப்பா, "அப்போ என் கடையில இன்னும் சரக்கு இருக்கு"ன்னாங்க.

தம்பிக்கு 32 வயசு, எடை 94 கிலோ. அவனுக்கும் ஸ்கேன்ல ஃபேட்டி லிவர். அந்த ஃபிப்-4 கணக்கு போட்டுப் பார்த்தா 0.7 வருது. நம்பலாமா?

---

ஆய்வகத்தார் | 19 நாள் கழித்து, இரவு 10.30

35 வயசுக்குக் கீழ அந்தக் கணக்கு சரியா வேலை செய்யாது தங்கச்சி. 0.7-ஐ வச்சு நிம்மதி அடைஞ்சிட வேண்டாம். அப்பாவுக்கு இருக்கிறதால அவருக்கு ஃபைப்ராஸ்கேன் கேக்கலாம். மூணு மணி நேரம் வெறும் வயித்தோட போகச் சொல்லுங்க, சாப்பிட்ட உடனே எடுத்தா கூடக் காட்டும்.

போகும்போது அப்பாவோட தாள், தம்பியோட தாள் ரெண்டையும் ஒரே கவர்ல வச்சுக் கொண்டு போங்க.